ரவுட்டருக்கு நான் வைத்த புதுப் பெயர்

1

கையேட்டின் நான்காம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த விதி இது: பழைய ரவுட்டரை அகற்றிவிட்டு இதைப் பொருத்துகிறவர்கள், பழையதன் பெயரையும் கடவுச்சொல்லையுமே இதற்கும் இடலாம், அவ்வாறு இட்டால் வீட்டிலுள்ள கருவிகள் யாவும் தாமாகவே இணைந்துகொள்ளும்.

"இடலாம்" என்றுதான் இருந்தது. "இடவேண்டும்" என்று இருந்திருந்தால் கீழ்ப்படிந்திருப்பேன். பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, நிருவாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவன் நான். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் எத்தனை பேருடைய விண்ணப்பங்கள் விழுந்து மடிந்தன என்று எனக்குத் தெரியும்.

மனைவி காலமான பிறகு மகள் நிர்மலாவோடு இங்கிலாந்தில், கொவென்ட்ரியில் இருக்கிறேன். எனக்கு இங்கே உத்தியோகம் இல்லை. ஆனால் இந்த வீட்டில் எந்தக் காகிதத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற ஒரே ஆள் நான். ஆகையால், இணைய நிறுவனம் புதிய ரவுட்டர் அனுப்புகிறது என்று தெரிந்ததும் மருமகன் சுதன், "மாமா, நீங்களே பூட்டிவிடுங்கோ. எனக்கு வேலையால வந்து அதோட மல்லுக்கட்ட ஏலாது" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். சுதன் யாழ்ப்பாணம்; அங்கே பூட்டுவது என்றால் பொருத்துவது. நாங்கள் மலையகம். இந்த வீட்டில் ஒரே தமிழ் இரண்டு கரைகளாக ஓடுகிறது. பேரப்பிள்ளைகள் இரண்டிலும் கால் நனைக்காமல் நடுவில் ஆங்கிலப் பாலத்தில் போய்வருகிறார்கள்.

முதல் அதிர்ச்சி வாசலிலேயே காத்திருந்தது. கொண்டுவந்தவர் மணியை அடித்தார், பெட்டியைத் தரையில் வைத்தார், போய்விட்டார். கையொப்பம் இல்லை. அடையாள அட்டை கேட்கவில்லை. பதுளையில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்த கதை நினைவுக்கு வந்தது. விண்ணப்பம், அதற்கொரு சிபாரிசு, சிபாரிசு செய்தவரை உறுதிப்படுத்த இன்னொருவர், இடம் பார்க்க வந்தவர், அவர் பார்த்த இடம் சரிதானா என்று பார்க்க வந்தவர். கம்பி எங்கள் கூரையை எட்டியபோது நிர்மலா பாடசாலையை முடித்திருந்தாள். இங்கே ஒரு வீட்டுக்குரிய உலகத் தொடர்பு முழுவதையும் மழையில் வாசற்படியில் விட்டுப்போகிறார்கள். அது போதாதென்று, பெட்டியைத் திருப்பினால் அதன் அடியிலேயே கடவுச்சொல்லை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். பூட்டின் மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிடுகிற தேசம்.

பொருத்துவது கடினமல்ல. சுவரிலிருந்து வரும் கம்பியைப் பின்பக்கத்துத் துளையில் சொருகினேன். மின்சாரம் கொடுத்தேன். முன் விளக்கு செம்மஞ்சளாகச் சிமிட்டி, நீண்ட யோசனைக்குப் பிறகு நீலமானது. கணினியில் அதற்குரிய பக்கத்தைத் திறந்ததும், பெயர் என்ன வைக்கலாம் என்று ரவுட்டரே என்னிடம் கேட்டது.

ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

பழைய ரவுட்டருக்குச் சிறைக்கைதிக்கு இருப்பதுபோல எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர். நான் எங்கள் ஊர் மலையின் பெயரை, "நமுனுகுல" என்று வைத்தேன், தமிழ் எழுத்திலேயே. கடவுச்சொல்லாக, நான் கடைசியாகக் கையொப்பமிட்ட கோப்பின் இலக்கத்தைச் சாய்கோடுகளோடு அப்படியே இட்டேன். உலகத்தில் எவரும் ஊகிக்க முடியாது. அந்தக் கோப்பை நான் வந்த பிறகு யாரும் திறந்திருக்கப் போவதுமில்லை.

2

அன்று மாலையே வீடு கொந்தளித்தது. தொலைக்காட்சி வேலை செய்யவில்லை. அச்சியந்திரம் செத்துக் கிடந்தது. கதவுமணியில் இருந்த கமராவுக்குக் கண் போய்விட்டது.

"அப்பா, பழைய பேரையே போட்டிருக்கலாமேப்பா. எல்லாம் தன்னால சேந்திருக்கும்" என்றாள் நிர்மலா.

"புதிய அதிகாரி வந்தால் புதிய முத்திரை" என்றேன்.

"அது கந்தோர்ல. இங்க சலவை மெஷின்கூட வைஃபைல ஓடுது."

ஒவ்வொரு கருவியையும் கையால் சேர்க்கவேண்டியிருந்தது. எனக்கோ அதில் ஒரு மகிழ்ச்சி. என் அறைப் பக்கம் எட்டிப்பார்க்காத பேத்தி மாயா, பதினைந்து வயது, தன் போனும் கணினியும் கையுமாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

"தாத்தா, இது பாஸ்வேர்ட் இல்ல, பனிஷ்மென்ட்."

அவள் தம்பியும் வந்தான். அவனுடைய விளையாட்டுப் பெட்டி சாய்கோட்டை ஏற்க மறுத்ததால் இரண்டாம் முறையும் வந்தான். அந்த வாரம் என் அறைக்கு வந்த பேரப்பிள்ளைகளின் தொகை, அதற்கு முந்திய ஆண்டில் வந்ததைவிட அதிகம்.

கணக்கில் என் பெயரையும் பொறுப்பாளராகச் சேர்க்க நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்த பெண் என்னை "மிஸ்டர் பெரியசாமி" என்றே அழைத்தாள். அது என் தந்தையின் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் இருப்பது தகப்பன் பெயர் என்று விளக்கினேன். "புரிகிறது, மிஸ்டர் பெரியசாமி" என்றாள். தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்து, மலையை விட்டே இறங்காத என் தந்தை, கொவென்ட்ரியில் ஒரு ரவுட்டருக்குப் பொறுப்பாளராகப் பதிவானார்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. பதுளை ஓய்வூதியர்களின் வாட்ஸ்அப் குழு அமைதியாகிவிட்டது. விடிந்தால் ரோசாப்பூ, பிள்ளையார், நீரிழிவுக்குப் பாகற்காய் என்று ஓயாமல் வரும். ஒன்றுமே வரவில்லை. ஒருவழியாகத் திருந்திவிட்டார்கள் என்று நினைத்து நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

3

நான் பிறந்தது நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். வரிசையாக ஒட்டிய அறைகள், ஒரே கூரை. சரிவில் எங்களுக்கு மேலே இன்னொரு லயம். படித்து நான் பதுளைக்கு இறங்கினேன். தங்கை பார்வதி அங்கேயே தங்கிவிட்டாள். கணவர் காலமாகிவிட்டார். மகன் கண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அவளும் ஒரு மாடும் லயத்தில்.

தோட்டத்துக்கு வருகிற அரசாங்கக் காகிதம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் வரும். அதனால் அந்த லயத்தில் ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. எந்தத் தாள் வந்தாலும், எவருடைய கதவில் ஒட்டினாலும், பார்வதியிடம் கொண்டுவருவார்கள். முன்பு அதை அவள் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பதுளைக்கு எடுத்துவருவாள். நான் வாசித்து, என்ன செய்யவேண்டும் என்று சொல்வேன். நான் இங்கே வந்த பிறகு போனில் படம் பிடித்து அனுப்புகிறாள். நான் பதில் சொல்லும்வரை லயத்தில் ஒருவரும் அசையமாட்டார்கள். "சார் என்ன சொன்னாரு?" என்பதுதான் அங்கே கடைசித் தீர்ப்பு. வீண் பெருமை இல்லை. ஒருமுறை கூரைத் திருத்தம் என்று வாய்ச்சொல்லை நம்பி இறங்கிய இரண்டு குடும்பங்கள் திரும்பி வந்தபோது, அவர்களுடைய அறைகளில் வேறு ஆட்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கையெழுத்து இல்லாத காகிதத்துக்கு அந்த லயம் எழும்பி நிற்பதுகூட இல்லை.

பார்வதிக்குத் தெரிந்தது என் பதுளை இலக்கம் மட்டும். இங்கிலாந்து இலக்கம் எடுத்த பிறகும் அந்தப் பழைய போனை நான் கைவிடவில்லை. வெளிநாட்டிலுள்ள நம்மவர்கள் பலர் வீட்டிலும் இப்படி ஒரு போன் இருக்கும். ஊர் இலக்கத்தின் வாட்ஸ்அப் அதில் உயிரோடு இருக்கும். வெளியே கொண்டுபோவதில்லை. என்னுடையது வரவேற்பறையில் புத்தகத் தட்டின் மேல், எந்நேரமும் மின்கம்பியில், வீட்டு வைஃபையை மட்டும் குடித்து வாழ்ந்துகொண்டிருந்தது. பார்வதி தன் போனில் என் படத்தைத் தொட்டால் அது அடிக்கும். ஓய்வூதியர் குழுவும் அதில்தான்.

வீட்டில் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் கடவுச்சொல் கேட்டு ஓடிவர ஓர் ஆள் இருந்தது. அந்தப் போனுக்கு நான்தான் ஆள்.

4

ஞாயிறு காலை. எல்லோரும் வீட்டில். என் இங்கிலாந்து இலக்கத்துக்குக் கொழும்பிலிருந்து கண்ணன் எடுத்தான்.

"மாமா, அம்மாகிட்ட நீங்க கடைசியா என்ன சொன்னீங்க?"

"எதற்கு?"

"மாமா... வெளையாடாதீங்க. மலையில மண்ணு எறங்கிருச்சு. டவர் எல்லாம் செத்துப்போச்சு. மூணு நாளா ஒருத்தர் போனும் எடுபடல. எறங்கச் சொல்லி நான் அன்னிக்கே சொன்னேன். 'நீ சொன்னா லயத்து ஆளுங்க கேப்பாங்களாடா, மாமா சொல்லட்டும்'னு வச்சுட்டாங்க. நீங்க சொல்லிருப்பீங்கன்னுதான் நான்..."

புத்தகத் தட்டைத் திரும்பிப் பார்த்தேன். பழைய போன் அங்கேயே இருந்தது. நூறு வீதம் சார்ஜ். வைஃபை குறியின் மேல் ஒரு சின்னக் கோடு.

அதை எடுத்து "நமுனுகுல" என்பதைத் தொட்டேன். கடவுச்சொல் கேட்டது. நான் உருவாக்கியதை நானே பிழையாக அடித்தேன். மறுபடியும் பிழை. அந்தப் பழைய போனில் சாய்கோடு எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. நிர்மலா பறித்து, "சொல்லுங்கப்பா, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். போன் இணைந்தது. பிறகு நிற்காமல் அதிரத் தொடங்கியது. ரோசாப்பூ, பிள்ளையார், தவறிய அழைப்பு, ரோசாப்பூ, தவறிய அழைப்பு, தவறிய அழைப்பு. நடுநடுவே பார்வதியின் குரல் பதிவுகள்.

முதலில் ஒரு படம். லயத்துச் சுவரில் ஒட்டிய தாள், சிங்களத்தில், மழையில் பாதி கரைந்தது. மண்சரிவு அபாயம், உடனே வெளியேறிப் பாடசாலைக்குச் செல்லவும் என்று இருந்தது. கையொப்பம் இல்லை. திகதி இல்லை. யார் அனுப்பியது என்றும் இல்லை.

இந்த இடத்தில் நடந்ததை மறைக்காமல் எழுதவேண்டும். அந்தத் தாளைப் பார்த்த கணத்தில் என் மனம் தானாகவே பதிலை எழுதிவிட்டது: கையொப்பம் அற்ற அறிவித்தல், கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தும்வரை இருக்கவும். போன் அடித்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். சந்தேகமே இல்லை.

நிர்மலா முதல் குரலைத் தொட்டாள்.

"அண்ணே, நாந்தான் பார்வதி. கடதாசி ஒண்ணு ஒட்டிருக்காங்க. போட்டோ புடிச்சு அனுப்பிருக்கேன், பாத்துச் சொல்லுங்க. மழ ஊத்துது இங்க. மாயா பரீட்ச எழுதிட்டாளா? சரி, வைக்கிறேன்."

இரண்டாவதில் பின்னால் ஆட்களின் சத்தம். பக்கத்து அறை மாரிமுத்துவின் குரல் கேட்டது: "சார் என்னா சொல்றாரு?"

"இன்னும் பாக்கலண்ணே. அங்க இன்னும் விடியல."

"ரெண்டு நாளாவா விடியல?" என்று ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "அவரு பென்ஷன் எடுத்துட்டாருல்ல, இப்ப கேட்டா லீவுன்னுவாரு." மாரிமுத்துவின் மனைவி. பார்வதியும் சிரித்தாள்.

மூன்றாவதில் சிரிப்பு இல்லை. "அண்ணே, பீலியில தண்ணி செவப்பா வருது. சேறா வருது. மேல் லயத்துச் செவுத்துல கை நொழையிற மாதிரி வெடிச்சிருக்கு. என்ன செய்யிறதுன்னு சொல்லுங்கண்ணே. எடுங்கண்ணே போன."

"தாத்தா, பீலின்னா என்ன?" என்று மாயா கேட்டாள்.

"மலையிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் விழுகிற இடம்" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல், சுவர் வெடித்தல், மரம் சாய்தல். மண்சரிவின் அறிகுறிகள் பற்றி ஒருமுறை வந்த சுற்றுநிருபத்தைத் தமிழாக்கியவன் நான். "கலங்குதல்" என்று போடுவதா "சேறாதல்" என்று போடுவதா என்று அரை நாள் யோசித்தவன்.

மிச்சத்தைக் கேட்க என்னால் முடியவில்லை. போனை வாங்கி, ஒரே ஒரு சொல்லை அடித்து அனுப்பினேன்: போ. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய உத்தரவு.

ஒற்றைச் சாம்பல் சரிக்குறி. போய்ச் சேரவில்லை.

"அப்பா," நிர்மலா மெதுவாகச் சொன்னாள், "அத்தை இதப் பேசினது புதன்கிழமைப்பா."

கடைசிக் குரலைத் தொட்டாள். பார்வதி ரகசியமாகப் பேசினாள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் வாயைப் போனோடு ஒட்டிவைத்துப் பேசியிருக்கவேண்டும்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசிட்டீங்கன்னு சொல்லிட்டேன். 'சார் போன் எடுத்தாரு, இப்பவே எறங்கச் சொல்லிட்டாரு, கையெழுத்த அவரு பாத்துக்கிறாராம்'னு சொல்லிட்டேன். இல்லாட்டி ஒருத்தரும் நவுர மாட்டேங்கிறாங்க. மேல் லயத்துலயும் போய்ச் சொல்லப்போறேன். நீங்க கேட்டா நாஞ் சொன்னதாவே சொல்லிருங்க."

அதோடு முடிந்துவிட்டது.

என் பெயரில் ஒரு கட்டளை பிறந்திருந்தது. நான் பார்க்காமல், நான் அறியாமல். ஒரு காலத்தில் இதைவிடச் சிறிய காரியத்துக்கு ஆட்களிடம் விளக்கம் கோரிக் கடிதம் எழுதியிருக்கிறேன். இப்போது அந்தப் பொய் நேரத்தோடு பிறந்திருக்கவேண்டும், மேல் லயம்வரை ஏறியிருக்கவேண்டும் என்று கைகூப்பாத குறையாக நின்றேன்.

மாயா கேட்டாள்: "சுவர் கிராக் ஆகுது, தண்ணி சேறா வருது. அப்புறமும் ஏன் தாத்தா உங்ககிட்ட பெர்மிஷன் கேக்கணும்?"

சுதன் அவளைப் பார்த்து, "சும்மா இரு பிள்ளை" என்றார்.

அவள் பிழையாக ஒன்றும் கேட்கவில்லை.

5

பிறகு காத்திருந்தோம். மேல் லயத்துக்கு ஏறிய பார்வதி இறங்கினாளா என்பதுதான் கேள்வி. ஆட்களை அனுப்பிவிட்டு மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போயிருப்பாள் என்று மனம் சொன்னது. அவள் அப்படிப்பட்டவள்.

கண்ணன் கொழும்பிலிருந்து புறப்பட்டான். ரயில் பாதை மண்ணுக்கு அடியில். "பண்டாரவளை வரைக்குந்தான் மாமா வண்டி போவுது. அதுக்கு மேல ரோட்டே இல்ல. நடந்து பாக்குறேன்" என்றான். அதற்குப் பிறகு அவனும் எடுபடவில்லை. தொலைக்காட்சியில் எங்கள் பக்கத்து மலைகளை மேலிருந்து காட்டினார்கள். பச்சையில் தோலை உரித்ததுபோல நீளமாகச் சிவப்பு. இது நமுனுகுலவா வேறெங்குமா என்று நானும் நிர்மலாவும் சண்டை போட்டோம். நான் பிறந்த இடத்தை என்னாலேயே அடையாளம் காண முடியவில்லை.

தெரிந்த அலுவலகங்களுக்கெல்லாம் எழுதினேன். யாருக்கு எழுதினால் யாருக்குப் பிரதி போகவேண்டும் என்று எனக்கு அத்துப்படி. நடைமுறை பிசகாமல் எழுதினேன். அந்தக் கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. நான் அவர்களைக் குறைசொல்லவில்லை; அந்த நேரத்தில் கடிதம் வாசித்துக்கொண்டிருந்தால்தான் குறைசொல்லவேண்டும்.

பழைய போனை மடியிலேயே வைத்திருந்தேன். ஒற்றைச் சரிக்குறி அப்படியே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மாயா சில மாலைகளில் பக்கத்தில் உட்காருவாள்; நானும் அவளும் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு காலை, நான் தேநீருக்குச் சீனி போடும்போது, அது இரண்டாயிற்று. கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நீலமானது. பிறகு குரல் வந்தது.

"அண்ணே, பார்வதி பேசுறேன். உசுரோட இருக்கோம், பயந்துறாதீங்க. எல்லாரும் ஸ்கூல்லதான். மேல் லயம் இல்லண்ணே. இருந்த எடமே தெரியல. ஆனா ஆளு யாரும் உள்ள இல்ல, எல்லாரும் எறங்கிட்டோம். நம்ம லயம் பாதி நிக்குது. மாட்ட மாரிமுத்தண்ணே அவுத்து வுட்டாரு, எங்க மேயிதோ. கண்ணன் நடந்தே வந்துட்டான், காலெல்லாம் அட்ட. சோறு தர்றாங்க, பருப்புதான் தெனமும். இப்பத்தான் போனுக்கு சார்ஜ் போட வுட்டாங்க. நீங்க 'போ'ன்னு அனுப்பிருந்தீங்களே, அத அழிச்சிட்டேன். தேதி காட்டுதுல்ல. இங்க எல்லாம் சார் சொல்லித்தான் பொழச்சோம்னு சொல்லிட்டுத் திரியிறாங்க. மாரிமுத்தண்ணே சம்சாரம் ஒங்க பேருக்கு அர்ச்சன வைக்கணுங்குது. நீங்க பாட்டுக்கு எதையாச்சும் சொல்லி வச்சிறாதீங்க."

நிர்மலா அழுதாள். சுதன் வேலைக்குப் போகாமல் நின்றார். மாயா அந்தக் குரலைத் திரும்பப் போடச் சொல்லி, "அட்டன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

பின்னொரு நாள் பார்வதியிடம் கேட்டேன். "நான் போனை எடுத்திருந்தால்?"

"எடுத்திருந்தா கையெழுத்து எங்கன்னு கேட்டிருப்பீங்க" என்றாள், யோசிக்காமல். "எடுக்காதது நல்லதாப் போச்சுண்ணே." பிறகு சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு இன்னும் இல்லை.

இதை எழுதலாமா என்றும் கேட்டேன்.

"எழுதுங்க. எறங்க வேண்டியவங்க எறங்கியாச்சு, இனி தெரிஞ்சா என்னா. அர்ச்சனைக்குக் குடுத்த காச மட்டும் மாரிமுத்தண்ணே சம்சாரம் திருப்பிக் கேக்கும். ஆனா ஒண்ணு, கந்தோர்ல இருந்தவரு நீங்க. பதில் வந்த தேதியையாவது சரியாப் போடுங்க."

போடுகிறேன். அவளுடைய பதில் எனக்கு வந்து சேர்ந்தது கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.